பழைய லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை டிரைவரைப் புதுப்பித்தல்: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தமிழக அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பல, கடலூர் மாவட்டத்து வீடுகளில் இன்னும் பீரோ மேலேதான் கிடக்கின்றன. புதிய விண்டோஸை அவை தாங்காது. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது டெபியன் போட்டால் பிள்ளைகள் படிக்கவும் தட்டச்சு பழகவும் தாராளமாக ஓடும். போட்டு முடித்ததும் வருகிற முதல் புகார் பெரும்பாலும் வைஃபையைப் பற்றியதுதான். ஒன்று, வைஃபையே தெரியாது. இல்லையென்றால் தெரியும், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும்.

உடனே எல்லோரும் செய்வது, தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய் டிரைவர் தேடுவது. விண்டோஸில் அது சரி. லினக்ஸில் அங்கே எதுவும் கிடைக்காது, கிடைத்தாலும் போடக் கூடாது. இங்கே டிரைவர் என்பது, லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் ஒரு மாட்யூல் (நிரல் துண்டு). கெர்னலைப் புதுப்பித்தால் டிரைவரும் புதுப்பிக்கப்பட்டுவிடும். அதற்குத் துணையாக, கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு தனியாக வரும். பிராட்காமின் சில சிப்புகளும் ரியல்டெக்கின் சில சிப்புகளும் மட்டுமே விதிவிலக்கு. அவற்றுக்குக் கெர்னலுக்கு வெளியே இருந்து ஒரு மாட்யூலைக் கட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆகவே ‘எது புதிது’ என்று தேடுவதற்கு முன்னால், நம்மிடம் இருப்பது எந்தச் சிப், பழுது மாட்யூலிலா ஃபர்ம்வேரிலா என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதி வேலை அதுதான்.

கட்டளைகளைச் சொல்லும் ஒலிப்பிலேயே கீழே எழுதியிருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். இடைவெளி, இடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி எல்லாம் காட்டியபடியே இருக்க வேண்டும். முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதிப் பெயரைக் கணினியே நிரப்பும். பேக்கேஜ் (நிறுவும் மென்பொருள் தொகுப்பு) பெயரில் சந்தேகம் வந்தால், சினாப்டிக் என்ற பேக்கேஜ் மேலாளரில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் இணையத்துக்கு ஒரு வழி

வைஃபை வராத கணினியில் வைஃபையைச் சரிசெய்யவே இணையம் வேண்டும். லேன் கேபிள் இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஃபோனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் ‘யூஎஸ்பி டெதரிங்’கை இயக்குங்கள். லினக்ஸ் அதை ஒரு கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். டிரைவர் எதுவும் தேவையில்லை. வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் ஃபோனும் பெரும்பாலும் அந்த இணைப்பைக் கேபிள் வழியே கணினிக்குக் கடத்திவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிளில் டெதரிங் வராது. ஃபோனோடு வந்த கேபிளையே எடுங்கள்.

டேட்டாவையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். உபுண்டுவிலும் அதன் மேல் கட்டப்பட்ட மின்ட்டிலும் எல்லா ஃபர்ம்வேரும் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ என்ற ஒரே பேக்கேஜில் வருகிறது. அது மட்டுமே சில நூறு எம்பி இருக்கும். தினசரி டேட்டா பேக்கில் ஓடும் வீடுகளில் இரவு பன்னிரண்டுக்கு மேல் தொடங்கினால் முழு நாளின் அளவு கையில் இருக்கும். டெபியனில் அதையே இன்டெல்லுக்கு ஒன்று, ரியல்டெக்குக்கு ஒன்று, ஏத்தரோஸுக்கு ஒன்று என்று பிரித்துத் தருகிறார்கள், சிறியதாகவே முடியும்.

சிப்பைக் கண்டுபிடித்தல்

டெர்மினலில்:

எல்எஸ்பிசிஐ -என்என்கே

என்று தட்டுங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று தொடங்கும் பகுதியைத் தேடுங்கள். அந்த வரியின் இறுதியில் சதுர அடைப்புக்குள் 168சி:002பி போன்ற ஓர் எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் தயாரிப்பாளர், அடுத்த நான்கு சிப். மடிக்கணினியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைவிட இந்த எண்தான் நம்பத்தக்கது. ஒரே மாடலில் வெவ்வேறு தொகுப்புகளுக்கு வெவ்வேறு கார்டுகளைப் போட்டு அனுப்புவது வழக்கம். பக்கத்து வீட்டுப் பையனின் அதே மாடலில் வேலை செய்த வழி உங்களுடையதில் வேலை செய்யாமல் போவது இதனால்தான்.

அதற்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருந்தால் மாட்யூல் ஏறியிருக்கிறது. அந்த வரி இல்லாமல் ‘கெர்னல் மாட்யூல்ஸ்’ மட்டும் இருந்தால், மாட்யூல் வட்டில் இருக்கிறது, ஏதோ ஒன்று அதை ஏறவிடாமல் தடுக்கிறது. இரண்டுமே இல்லையென்றால் இந்தக் கெர்னலுக்கு உங்கள் சிப்பைத் தெரியாது. பட்டியலில் கார்டே தென்படவில்லையா? கார்டு சாக்கெட்டில் சரியாக உட்காரவில்லை, அல்லது பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அணைக்கப்பட்டிருக்கிறது. அப்போது மென்பொருளோடு மல்லுக்கட்டி ஒரு பயனும் இல்லை. யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் என்றால் ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையில் பாருங்கள்.

பிறகு ஃபர்ம்வேர்:

சூடோ டிஎம்இஎஸ்ஜி | கிரெப் -ஐ ஃபர்ம்வேர்

‘ஃபெயில்டு வித் எரர் -2’ என்று முடியும் வரி வந்தால், கேட்ட கோப்பு வட்டில் இல்லை என்று பொருள். இதில் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. இன்டெல் டிரைவர் புதிய எண்ணுள்ள கோப்பில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழிறங்கித் தேடும். அதனால் நாலைந்து -2 வரிகளுக்குப் பிறகு ‘லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் எல்லாம் சரி. மேலே உள்ள பிழைகளைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மூன்றாவதாக, வைஃபை எங்காவது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’. ‘சாஃப்ட் பிளாக்டு: எஸ்’ என்றால் ‘சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்’ என்று தட்டினால் விடுபடும். ‘ஹார்டு பிளாக்டு: எஸ்’ என்றால் கணினியின் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ இருக்கும் சிறு சுவிட்சைத் தள்ளிப் பாருங்கள், எஃப்என் விசையோடு ஆன்டெனா படம் போட்ட விசையையும் அழுத்துங்கள். சில லெனோவோ ஐடியாபேட், ஏசர் மாடல்களில் சுவிட்சே இருக்காது, ஆனாலும் ஹார்டு பிளாக் காட்டும். அங்கே பொய் சொல்வது ‘ஐடியாபேட்_லேப்டாப்’ அல்லது ‘ஏசர்_டபிள்யூஎம்ஐ’ என்ற துணை மாட்யூல். ‘சூடோ மோட்ப்ரோப் -ஆர் ஐடியாபேட்_லேப்டாப்’ என்று கழற்றிப் பாருங்கள். வைஃபை வந்துவிட்டால் அந்த மாட்யூலை பிளாக்லிஸ்ட்டில் (ஏற்றக் கூடாதவற்றின் பட்டியல்) போட்டுவிடலாம்.

கெர்னலும் ஃபர்ம்வேரும்

சிப் தெரிந்த பிறகு பொதுவான புதுப்பித்தல். முதலில்:

சூடோ ஏபிடி அப்டேட்
சூடோ ஏபிடி ஃபுல்-அப்கிரேடு

டெபியன் 12-இலிருந்து ஃபர்ம்வேருக்கென ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. நிறுவும் வட்டிலேயே சேர்ந்து வருகிறது. பழைய டெபியனிலிருந்து படிப்படியாக மேலே வந்தவர்களின் சோர்சஸ் கோப்பில் (பேக்கேஜ்கள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் கோப்பு) அந்தச் சொல் இருக்காது. அதைச் சேர்க்காத வரை ஃபர்ம்வேர் பழையதாகவே நின்றுவிடும்.

மின்ட்டில் அப்டேட் மேனேஜரைத் திறந்து ‘வியூ’ பட்டியலில் ‘லினக்ஸ் கெர்னல்ஸ்’ என்பதற்குப் போனால், கிடைக்கும் கெர்னல்கள் வரிசையாகத் தெரியும். உபுண்டு 22.04-ன் அடிப்படைக் கெர்னல் 5.15, அதன் ஹெச்டபிள்யூஇ வரிசை (புதிய வன்பொருளுக்கான கெர்னல்கள்) 6.8 வரை போகிறது. டெபியன் 12-இல் 6.1, டெபியன் 13-இல் 6.12.

புதிய கெர்னல் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். 2010 வாக்கில் வந்த சிப்புக்கான டிரைவரில் இப்போது யாரும் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. கிடைப்பது பாதுகாப்புத் திருத்தங்கள்தான். சில சமயம் நன்றாக ஓடியது கெட்டும் போகும். சிப்பின் பெயரே கெர்னலுக்குத் தெரியாதபோது மேலே ஏறுங்கள். வேலை செய்துகொண்டிருந்தால் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) கெர்னலில் இருந்தபடியே பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் பழைய கெர்னல் ஒன்றை அழிக்காமல் வைத்திருங்கள். கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, கிரப் என்ற தொடக்கத் திரையில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியே அதற்குத் திரும்ப முடியும். வைஃபை போன இரவில் அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

32 பிட் செயலி கொண்ட மிகப் பழைய கணினி என்றால் டெபியன் 12-இலேயே நில்லுங்கள். 13-இல் 32 பிட் கணினிக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை.

பிராட்காம்: அதிகம் படுத்துவது

எண் 14இ4 என்று தொடங்கினால் பிராட்காம். இங்கே மூன்று டிரைவர்கள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன: திறமூலமான ‘பி43’, திறமூலமான ‘பிஆர்சிஎம்எஸ்மேக்’, பிராட்காம் கொடுத்த மூடிய ‘டபிள்யூஎல்’. எதற்கு எது என்று தெரியாமல் மூன்றையும் போட்டுக் குழப்பியவர்கள்தான் அதிகம்.

14இ4:4315, அதாவது பிசிஎம்4312 என்றால் பி43 போதும். ஃபர்ம்வேரை வெளியிட பிராட்காம் அனுமதி தராததால் அது வட்டில் வருவதில்லை. ‘ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்’ என்ற பேக்கேஜை நிறுவும்போதுதான் அது இணையத்திலிருந்து இறக்கிப் பிரித்து வைக்கும். ஃபோன் டெதரிங் இல்லாமல் நிறுவினால் பேக்கேஜ் நிறுவப்பட்டது போலவே இருக்கும், ஃபர்ம்வேர் இருக்காது. ஏற்கெனவே டபிள்யூஎல் போட்டிருந்தால், அது பி43 ஏறுவதைத் தடுக்கும் பிளாக்லிஸ்ட் கோப்பையும் கூடவே வைத்திருக்கும். முதலில்:

சூடோ ஏபிடி பர்ஜ் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்

டெபியனில் அதே பேக்கேஜின் பெயர் ‘பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்’. ‘ரிமூவ்’ என்று கொடுத்தால் அமைப்புக் கோப்புகள் தங்கிவிடும். ‘பர்ஜ்’ என்றே கொடுங்கள்.

14இ4:4727, பிசிஎம்4313 என்றால் பிஆர்சிஎம்எஸ்மேக். கெர்னலிலேயே இருக்கிறது. ஃபர்ம்வேர் உபுண்டுவில் பொதுப் பேக்கேஜிலும், டெபியனில் ‘ஃபர்ம்வேர்-பிஆர்சிஎம்80211’ என்பதிலும் வருகிறது. சிக்னல் பலவீனமாக இருந்தால் மட்டும் டபிள்யூஎல்லுக்கு மாறிப் பாருங்கள்.

14இ4:4365, பிசிஎம்43142 என்றால் டபிள்யூஎல் தவிர வேறு வழியில்லை. பிராட்காம் இதைக் கடைசியாகத் திருத்தியது 2015-ல். அதன் பிறகு வந்த ஒவ்வொரு கெர்னலுக்கும் டெபியன், உபுண்டுக்காரர்கள் ஒட்டுப்போட்டே ஓட்டுகிறார்கள். கெர்னல் ஏறிய மறுநாள் வைஃபை காணாமல் போவதற்குக் காரணம் இதுதான்: கெர்னலுக்கு வெளியே உள்ள மாட்யூல்களைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ், அந்தப் புதுக் கெர்னலுக்கு மாட்யூலைக் கட்ட முயன்று தோற்றிருக்கும். ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ என்று தட்டுங்கள். இப்போது ஓடும் கெர்னலின் எண்ணுக்கு எதிரே ‘இன்ஸ்டால்டு’ என்று இருக்க வேண்டும். எண் தெரிய ‘யூநேம் -ஆர்’. இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, மாட்யூலைக் கட்டத் தேவையான ஹெடர் கோப்புகளை. உபுண்டு, மின்ட்டில் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்’, டெபியனில் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64’ நிறுவிவிட்டு:

சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்

ஹெடர் இருந்தும் கட்டவில்லை என்றால், அந்தக் கெர்னலுக்கு ஒட்டு இன்னும் வரவில்லை. பழைய கெர்னலில் காத்திருங்கள். இந்தச் சிப் உள்ள கணினியில் ஹெச்டபிள்யூஇ கெர்னலுக்கு ஏறாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொரு தடை, கையொப்பம் இல்லாத மாட்யூலை ஏறவிடாத செக்யூர் பூட். விண்டோஸ் 8 காலத்துக்குப் பிந்தைய மடிக்கணினிகளில் அது இருக்கும். மாட்யூல் கட்டப்பட்டிருக்கும், ஏற்றினால் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று மறுக்கும். நிறுவும்போது கேட்ட கடவுச்சொல்லை நினைவில் வைத்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்து அதையே கொடுக்க வேண்டும். அந்தத் திரை சில நொடிகளே நிற்கும். டீ போடப் போனால் தவறிவிடும். வீட்டில் பிள்ளைகள் பயன்படுத்தும் கணினிக்கு, பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது எளிது.

ரியல்டெக்கும் அதன் ஆன்டெனாவும்

10இசி:பி723, ஆர்டிஎல்8723பிஇ. ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வேலை செய்து அடுத்த அறைக்குப் போனால் செத்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். டிரைவர் பழசாகிவிடவில்லை. கார்டில் இரண்டு ஆன்டெனா முனைகள் உண்டு. சில தயாரிப்பாளர்கள் ஒரே ஒரு கம்பியைப் போட்டு, அதையும் டிரைவர் எதிர்பார்க்காத முனையில் மாட்டிவிடுகிறார்கள். முதலில் ‘என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை லிஸ்ட்’ என்று தட்டி உங்கள் ரவுட்டரின் சிக்னல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு:

சூடோ மோட்ப்ரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஇ
சூடோ மோட்ப்ரோப் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_எஸ்இஎல்=2

சிக்னலை மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் 2-க்குப் பதில் 1. எது நன்றாக இருக்கிறதோ அதை இடிசி அடைவில் உள்ள மோட்ப்ரோப்.டி அடைவுக்குள், கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பில் இப்படி எழுதுங்கள்:

ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_எஸ்இஎல்=2 எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0 ஐபிஎஸ்=0

கடைசி இரண்டும் மின்சேமிப்பை அணைப்பவை. இடையிடையே அறுந்துபோகும் தொல்லை இவற்றால் நிற்கும்.

10இசி:சி821, ஆர்டிஎல்8821சிஇ என்றால் 5.15 கெர்னலிலேயே ‘ஆர்டிடபிள்யூ88’ டிரைவர் இருக்கிறது. பழைய கெர்னல் காலத்தில் வெளியிலிருந்து ‘ஆர்டிஎல்8821சிஇ-டிகேஎம்எஸ்’ போட்டவர்கள் அதை இப்போது நீக்கலாம். இரண்டும் ஒரே கார்டுக்கு மோதிக்கொள்ளும்.

கடையில் வாங்கும் சின்ன யூஎஸ்பி டாங்கிள்களும் பெரும்பாலும் ரியல்டெக்தான். செருகியதும் எல்எஸ்யூஎஸ்பியில் 0பிடிஏ:1ஏ2பி என்று காட்டினால், அது தன்னைச் சிடி டிரைவாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் டிரைவரை உள்ளே வைத்திருப்பதால் வரும் வேஷம் அது. ‘யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்’ பேக்கேஜ் போட்டால் வேஷம் கலையும். 8821சியூ சிப்புக்குக் கெர்னல் 6.2-இலிருந்தும், 8821ஏயூ, 8812ஏயூ சிப்புகளுக்கு அதைவிடப் புதிய கெர்னல்களிலும் உள்ளேயே டிரைவர் உண்டு.

ஏத்தரோஸ், இன்டெல்

168சி என்று தொடங்கும் ஏஆர்9285, ஏஆர்9485 போன்றவை ‘ஏடிஹெச்9கே’ டிரைவரில் ஓடுகின்றன. அதற்கு ஃபர்ம்வேரே வேண்டாம். இந்தக் கார்டு இருந்தும் வைஃபை வரவில்லை என்றால் ஆர்எஃப்கில்லையும் கம்பியையும் பாருங்கள், டிரைவரைத் தொடாதீர்கள்.

8086 என்றால் இன்டெல். ஃபர்ம்வேர் பேக்கேஜ் போதும். பழைய சென்ட்ரினோ கார்டுகளில் இணைந்திருந்தும் வேகம் தவழ்ந்தால், மேற்சொன்னபடி ஒரு கோப்பில் ‘ஆப்ஷன்ஸ் ஐடபிள்யூஎல்வைஃபை 11என்_டிஸேபிள்=1’ என்று எழுதிப் பாருங்கள். உச்ச வேகம் குறையும், இணைப்பு நிலைக்கும்.

டிரைவர் சரி, ஆனாலும் அறுகிறது

எந்தச் சிப்பானாலும் முதலில் மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். இடிசி அடைவில் நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்.டி அடைவுக்குள், பவர்சேவ் பெயருள்ள கோப்பில் ‘வைஃபை.பவர்சேவ் = 3’ என்று பெரும்பாலும் இருக்கும். 3 என்றால் இயக்கம், 2 என்றால் அணைப்பு. மாற்றிவிட்டு நெட்வொர்க்மேனேஜரை மறுதொடக்கம் செய்யுங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்டால், தேடும்போது மேக் முகவரியை (கார்டின் அடையாள எண்) மாற்றிக்காட்டும் வசதி பழைய கார்டுக்கு ஒத்துவராமல் இருக்கலாம். அதே அடைவில் ஒரு கோப்பில் ‘[டிவைஸ்]’ என்ற தலைப்பின் கீழ் ‘வைஃபை.ஸ்கேன்-ரேண்ட்-மேக்-அட்ரஸ்=நோ’ என்று சேருங்கள்.

ரவுட்டரையும் விட்டுவைக்க வேண்டாம். ஃபைபர் இணைப்போடு வரும் புதிய ரவுட்டரோ ஃபோன் ஹாட்ஸ்பாட்டோ 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால், 2.4 மட்டும் தெரிந்த ஏஆர்9285-க்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஹாட்ஸ்பாட்டை 2.4-க்கு மாற்றுங்கள். ரவுட்டரின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் டபிள்யூஎல் டிரைவர் இணையாது. டபிள்யூபிஏ2-வுக்கு இறக்க வேண்டும். ரவுட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருந்து, கணினி அமெரிக்க விதிகளில் ஓடினாலும் பெயர் தெரியாது. ‘சூடோ ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்’ என்று தட்டி (கடைசி இரண்டு எழுத்து மட்டும் பெரிய எழுத்தில்) இந்தியாவுக்கு மாற்றிப் பாருங்கள். எளிய வழி, ரவுட்டரை 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றில் நிறுத்துவது.

உப்புக்காற்று

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், முத்தியால்பேட்டை, வைத்திக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் டிரைவர் பழுது என்று கொண்டுவரப்படும் கணினிகளில் தொடுமுனைத் துருவையும் ஒருமுறை சந்தேகித்தே ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமும் உப்பும் சேர்ந்து கார்டின் பொன்முலாம் பூசிய முனைகளிலும் ஆன்டெனா கம்பியின் தொப்பியிலும் படியும். அடையாளம்: கார்டு ஒருநாள் எல்எஸ்பிசிஐயில் தெரியும், ஒருநாள் தெரியாது, அல்லது கெர்னலை மாற்றியும் சிக்னல் ஒரே அளவில் குறைவாகவே இருக்கும்.

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். அடிமூடியைத் திறந்தால் இரண்டு கம்பிகளோடு சிறிய கார்டு தெரியும். கம்பிகளை நகத்தால் நேர்மேலாகத் தூக்குங்கள், பக்கவாட்டில் இழுக்காதீர்கள். எது எந்த முனையில் இருந்தது என்று ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். ரப்பரால் தேய்ப்பது நம்மூர்ப் பழக்கம். மெதுவாக ஒருமுறை என்றால் பரவாயில்லை. அழுத்தித் தேய்த்தால் பொன்முலாம் போய்விடும், அடுத்த மழைக்குத் துரு இன்னும் வேகமாக ஏறும்.

கார்டை மாற்றுவதென்றால்

பிசிஎம்43142-ஐ வைத்துக்கொண்டு ஒவ்வொரு கெர்னலுக்கும் போராடுவதைவிட ஏத்தரோஸ் கார்டு ஒன்றைப் பழைய பாகக் கடையில் வாங்கிப் போடுவது பல சமயம் மலிவு. வாங்கும் முன் வடிவத்தைப் பாருங்கள். அரை மினி பிசிஐஇ கார்டு சுமார் 30க்கு 27 மிமீ, எம்.2 2230 கார்டு 22க்கு 30 மிமீ. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது. எம்.2-வின் ஆன்டெனா முனையும் சிறியது, பழைய கம்பி அதில் மாட்டாது. இன்டெல் ஏஎக்ஸ்201 போன்ற சிஎன்விஐ கார்டுகள் எம்.2 சாக்கெட்டில் உட்காரும், ஆனால் அதற்கான இன்டெல் செயலி இல்லாத பழைய கணினியில் உயிர்பெறாது.

பயாஸ் தடையும் உண்டு. பழைய திங்க்பேட்களில் அங்கீகாரம் இல்லாத கார்டைப் போட்டால் 1802 என்ற பிழையோடும், பழைய ஹெச்பிகளில் 104 என்ற பிழையோடும் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளர் பட்டியலில் உள்ள பாக எண் கொண்ட கார்டையே தேடுங்கள். கிடைக்காவிட்டால் பயாஸை மாற்றி எழுதும் விஷப் பரீட்சை வேண்டாம். உங்கள் கெர்னலிலேயே டிரைவர் உள்ள யூஎஸ்பி டாங்கிளை வாங்குங்கள். வாங்கும்போது பெட்டியின் பிராண்டைப் பார்க்காமல் சிப் எண்ணைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அங்கேயே கணினியில் செருகி எல்எஸ்யூஎஸ்பி எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.